விளம்பர இடைவேளையில் வடிவரசி

வடிவரசி தாண்டும்போது தொலைக்காட்சியில் அவளுடைய அம்மாவைக் காட்டுவார்கள். முறை அதுதான். ஓடி வரும்வரை மகள். பலகையில் கால் பட்டதும் அம்மா. மணலிலிருந்து எழுந்து தூசு தட்டும்போது மறுபடியும் மகள். நடுவில் நடப்பதை நாட்டில் யாரும் பார்த்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சண்முகக்கனிக்கு இதில் ஒரே ஒரு சங்கடம். அந்த அம்மா அவள்தான்.

மகள் தாண்டுவதைப் பார்க்கலாம் என்று டிவி முன்னால் உட்காருவாள். டிவியில் அவளே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அந்த டிவிக்குள்ளேயும் ஒரு சண்முகக்கனி, சின்னதாக. ஆறு வருஷம், முப்பத்தொரு போட்டி. தன் முகத்தை அவள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள். இடது காதில் தோட்டுத் திருகாணி தளர்ந்திருக்கிறது, மேலுதட்டில் ஒரு முடி இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மகள் எப்படித் தாண்டுகிறாள் என்பது மட்டும் தெரியாது.

முன்பு தெரிந்திருந்தது. வடிவரசி பள்ளிக்கூடத்தில் மும்முறைத் தாண்டல் பழகிய காலத்தில் மணலைச் சமன் செய்ய அங்கே ஆள் இல்லை. மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலை முடிந்ததும் சண்முகக்கனி நேரே மைதானத்துக்குப் போவாள். பல் வைத்த வாரியால் மணலை இழுத்து விடுவாள். பிள்ளை தாண்டுவாள். அம்மா தடத்தைப் பாதத்தால் அளந்து பார்ப்பாள், மறுபடி இழுத்து விடுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மீட்டர் பெட்டியில் ஓடும் எண்களையே ஓடும்போதே படிப்பவள் அவள்.

வடிவரசி பெரிய ஆளானாள். மணலுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அம்மாவை டிவி முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

போன வாரம் வடிவரசி வெளிநாட்டிலிருந்து போன் செய்தாள். "இதுதாம்மா கடைசிப் போட்டி. முழங்கால் போதும்ங்குது."

"சரிட்டி," என்றாள் சண்முகக்கனி. போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டாள்: ஒரு போட்டிக்கு ஆறு தாண்டல். ஆறு தாண்டல் பாக்கி. அதற்குள் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் சேனல்காரர்கள் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தார்கள், இந்தத் தடவை புது ஆட்கள். தயாரிப்பாளர் பெயர் கௌசிக். கேமராமேன் பெயர் எட்வின். குடிசையை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்.

"உங்க வீடு காங்க்ரீட்டா இருக்கும்மா," என்றான் கௌசிக். குற்றம் சொல்லும் குரல் இல்லை. டாக்டர் சொல்வதுபோல் சொன்னான்.

"ஆமா தம்பி. லோன் போட்டுக் கட்டுனது."

"பரவால்ல. உள்ளயே போட்டுரலாம்."

குடிசையை வீட்டின் முன்கூடமான பட்டாசாலை நடுவில் விரித்து நிறுத்தினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபிரிட்ஜுக்குச் சாக்கு போர்த்தினார்கள். டைல்ஸ் தரைமேல் செம்மண் நிறத்தில் ஒரு பாய் விரித்தார்கள். பிறகு சண்முகக்கனியின் கணவர் தங்கப்பழத்திடம் வந்தார்கள். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஸ்கிரிப்ட்ல அப்பா இல்ல."

"எங்க போயிட்டாரு?"

"காலமாயிட்டாரு. பொண்ணுக்கு அப்ப நாலு வயசு."

"எப்படிச் செத்தேன்?"

"அது இன்னும் முடிவாகல சார்."

தங்கப்பழம் பேப்பரை மடித்தார். மனுஷனுக்கு எதிலும் பதற்றம் கிடையாது. முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். படத்துக்குப் போடும் மாலை என்ன பூ என்று மட்டும் கேட்டார். சம்பங்கி என்றார்கள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். சுவரில் அவர் படம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் பின்வாசலிலிருந்து, "செத்தவனுக்குக் காப்பி உண்டா?" என்று குரல் வந்தது. உண்டு என்று சண்முகக்கனி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு படிவமும் இருந்தது. 'கடைசியாகப் பசியோடு படுத்தது எப்போது?' என்று அதில் ஒரு கேள்வி. சஷ்டி விரதம் என்று எழுதினாள். கௌசிக் வாசித்துவிட்டு விரதம் என்ற சொல்லை மட்டும் அடித்தான்.

போட்டி பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கியது.

மும்முறைத் தாண்டல் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஓடி வந்து பலகையில் உதைத்து ஒரு தாவல். உதைத்த காலிலேயே இறங்க வேண்டும். அங்கிருந்து மறுகாலுக்கு ஓர் எட்டு. அங்கிருந்து மணலுக்கு ஒரு பாய்ச்சல். மொத்த உடம்பும் பத்து மடங்கு கனத்து ஒற்றை முழங்காலில் வந்து விழும். விழுந்ததே தெரியாமல் மறுபடி கிளம்ப வேண்டும். இதைச் சொல்லத்தான் சேனலில் இரண்டு வர்ணனையாளர்களை வைத்திருந்தார்கள்.

"இவருக்காக இவரது தாய் உப்பில்லாத கஞ்சி குடித்தார்," என்றார் ஒருவர்.

"எப்போது திருமணம் என்று ரசிகர்கள் கேட்கிறார்கள்," என்றார் மற்றவர்.

வடிவரசி ஓடி வந்தாள். பலகையில் கால் வைத்தாள். டிவியில் சண்முகக்கனி வந்தாள்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். வர்ணனைக்கு அடியில் எங்கோ ஆழத்தில் சத்தம் கேட்டது. டப். டப். டப். முதல் டப்புக்கும் இரண்டாவது டப்புக்கும் நடுவில் நல்ல இடைவெளி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் குறைச்சல்.

"ரெண்டாவது எட்டு குட்டையா வருது," என்றாள்.

"அழுங்கம்மா," என்றான் கௌசிக்.

"பதினஞ்சரைப் பாதம்தான் இருக்கும். பதினேழு வரணும்."

"அழுதுக்கிட்டே சொல்லுங்க."

இப்படியே ஐந்து தாண்டல் போயிற்று. நடுவில் பார்வையாளர் வரிசையில் ஒரு நடிகர் சோளப்பொரி தின்றார். அதைப் பதினொரு நிமிஷம் காட்டினார்கள். ஒவ்வொரு பொரியாக நிறுத்தி நிறுத்தி மறுபடியும் காட்டினார்கள். அதற்கு மட்டும் மூன்று கோணம் இருந்தது. சண்முகக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபமில்லை. பசிக்குத் தின்கிறார், பாவம்.

ஐந்து தாண்டல் முடிவில் வடிவரசி நாலாம் இடம். கடைசித் தாண்டல் பாக்கி.

சண்முகக்கனி எழுந்தாள். "தண்ணி குடிச்சிட்டு வாரேன் தம்பி."

கௌசிக் பதறவில்லை. வேனைப் பார்த்துக் கையசைத்தான். வேனிலிருந்து இன்னோர் அம்மா இறங்கி வந்தாள். அதே நிறத்தில் சேலை. அவள் பெயர் சுகுணா. மாற்று அம்மா. பளுதூக்குபவர், குத்துச்சண்டைக்காரர், வில்லாளி என்று இதுவரை பதினொரு பேருக்கு அம்மாவாக இருந்து அழுதவள். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கறேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாத்துக்கறேன்னா, எங்க பாக்கிறது. பதினோரு பிள்ளைங்களுக்கு அழுதிருக்கேன். ஒண்ணு ஆடிக்கூட நான் பாத்ததில்ல," என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தொழில் சுத்தம்.

"கட்," என்றான் கௌசிக். "அது இப்ப வேணாம்."

சண்முகக்கனி அடுக்களைக்குள் போனாள். கேமராவிலிருந்து கிளம்பிய கறுப்புக் கேபிள் அடுக்களை வழியாகத்தான் போயிற்று. காலையில் அதை இழுத்துப் போட்டதிலிருந்து அடுக்களை நீண்டுகொண்டே இருந்தது. மதியமே உப்பு எடுக்கக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. இப்போது அடுப்பு ஒரு பக்கம், தொட்டி எங்கோ ஒரு பக்கம். கதவிடுக்கில் மைதானத்துப் பழைய மணல் வாரி சாய்ந்திருந்தது. பல் ஒன்று உடைந்திருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேபிளைப் பிடித்து நடந்தாள்.

மிளகாய்த்தூள் டப்பாக்கள் போயின. பருப்பு டப்பாக்கள் போயின. அதற்கப்புறம் டப்பாக்கள்மேல் எழுதியிருந்த எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாததாக இருந்தது. காற்று குளிர்ந்தது. அடுக்களை முடியும் இடத்தில் ஒரு கம்பிக்கதவு. அதன் முன்னால் நீலக் கோட்டு போட்ட ஓர் ஆள்.

"யாரு?"

"வடிவரசிக்கு அம்மா."

"அம்மாவுக்கு எடம் வீட்ல. டிவி முன்னால."

"அங்க இன்னொரு அம்மா இருக்கா."

"அப்ப நீங்க யாரு?"

அவள் வாரியை மறுகைக்கு மாற்றினாள். நீலக் கோட்டு அவள் கையிலிருந்த வாரியைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"மணல் ஆளா? முன்னாலயே சொல்லலாம்ல. போங்க, போங்க. உங்கள எந்தக் கேமராவும் பிடிக்காது."

கதவு திறந்தது. மைதானம்.

அறுபதாயிரம் பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணல் குழிக்கு மேலே, ஆள் இடுப்பு உயரத்தில், வடிவரசி அந்தரத்தில் நின்றாள்.

கடைசித் தாண்டலின் கடைசிப் பாய்ச்சல். சேனல் விளம்பரத்துக்குப் போயிருந்தது. விளம்பரம் முடியாமல் யாரும் இறங்கக் கூடாது. எல்லாப் போட்டிக்கும் பொதுவான விதி அது.

"அம்மா?" என்றாள் வடிவரசி, தலையைத் திருப்பாமல். திருப்பினால் தூரம் குறையும்.

"ம்."

"நீங்க டிவியில இருக்கணும்ல?"

"வேற ஆள் இருக்கு."

"பிரேக் முடிஞ்சிருச்சா?"

சண்முகக்கனி மைதானத்துப் பெரிய திரையைப் பார்த்தாள். "இல்லட்டி. சிமெண்ட்டு விளம்பரம் ஓடுது."

"அப்ப இன்னும் தைலம் இருக்கு."

"அந்தரத்துல நிக்கது கஷ்டமா இருக்கா?"

"பழகிருச்சு. போன வருஷம் ஒரு கம்பூன்றித் தாண்டுறவன், தேர்தல் முடிவு வர்ற வரைக்கும் மேலயே இருந்தான். சாப்பாட்டக் கம்புல கட்டிக் குடுத்தாங்க."

சண்முகக்கனி வாரியைக் கீழே வைத்தாள். மகளைச் சுற்றி நடந்தாள். ஆறு வருஷத்துப் பசி அது. மெதுவாகப் பார்த்தாள்.

இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. பத்து விரலும் விரிந்திருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் வலி இல்லை, பயம் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் இருந்த அதே முகம், தட்டில் போட்ட தோசையைப் பார்க்கிற முகம். வலது முழங்காலில் நான்கு சுற்றுப் பட்டை. பட்டைக்குக் கீழே வீக்கம். அந்த முழங்காலில்தான், பலகையில் ஒன்று, தாவி இறங்கியதில் ஒன்று என்று, இவ்வளவு உடம்பும் இரண்டு தடவை வந்து விழுந்திருக்கிறது. இரண்டு தடவையும் அது மடங்கவில்லை. இந்த உடம்பையா நான் பெற்றேன் என்று சண்முகக்கனிக்குத் தோன்றியது. பெற்றது வேறு, இது இவளே செய்துகொண்டது. உப்பில்லாக் கஞ்சியில் இது வராது. எந்தக் கஞ்சியிலும் வராது. நாளுக்கு நாற்பது தடவை விழுந்து எழுந்ததில் வந்தது. அவளுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. விம்மட்டும் என்று விட்டுவிட்டாள். இங்கே யாரும் படம் பிடிக்கவில்லை.

"ரெண்டாவது எப்படி வந்துச்சும்மா?" என்றாள் வடிவரசி. குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

சண்முகக்கனி ஓடுபாதைக்குப் போனாள். ஆணிச் செருப்புக் குத்திய புள்ளிகள் தெரிந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலோடு பெருவிரல் ஒட்ட வைத்து அளந்தாள். பதினாலு. பதினஞ்சு. பதினாறு. பதினேழு. அதற்கு மேலும் நாலு விரல் இருந்தது.

"பதினேழும் நாலு விரலும்," என்றாள்.

வடிவரசி அந்தரத்தில் நின்றபடியே சிரித்தாள். "பதினேழா?"

"நாலு விரலும்."

"நிசமாவா?"

"ரீடிங்ல நான் பொய் சொல்லுவனாட்டி?"

வெள்ளைக் கொடி வைத்திருந்த நடுவர் கொட்டாவி விட்டார். சண்முகக்கனியைக் கூப்பிட்டார். "மணல் அம்மா. மூணாவது எடத்துக்கு இன்னும் கொஞ்சம் வேணும் போலிருக்கு. ஒரு சாண் முன்னால தள்ளிவிடணும்னா தள்ளிக்கிடுங்க. யாரும் பாக்கல."

"நீங்க பாக்கீகளே."

"நாங்க விளம்பரம் பாக்கோம்."

சண்முகக்கனி மகளின் முதுகைப் பார்த்தாள். கை வைத்தால் போதும். பூ மாதிரி நகர்வாள். ஒரு சாண். மெடல் கழுத்துக்கு வந்துவிடும். தெருவில் மேளம் அடிப்பார்கள். இனிமேல் ஒரு தாண்டலும் இல்லை, இது ஒன்றுதான். கை அவளை அறியாமல் எழுந்தது.

வடிவரசிக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா," என்றாள், மெதுவாக. "நான்தான தாண்டணும்?"

சண்முகக்கனி கையை இறக்கினாள். நடுவரைப் பார்த்தாள்.

"என் பிள்ள தாண்டுனது அவளுக்குப் போதும். உங்க சாணை நீங்களே வச்சுக்கிடுங்க."

நடுவருக்கு அதில் வருத்தமில்லை. தைல விளம்பரம் வந்துவிட்டது என்று திரும்பிக்கொண்டார்.

சண்முகக்கனி தன்னால் முடிந்ததைச் செய்தாள். வாரியை எடுத்து மணலை இழுத்துவிட்டாள். ஒரு கல் கிடந்தது, பொறுக்கிப் போட்டாள். மூலையிலிருந்து மூலைக்குத் துணி விரித்த மாதிரி வந்ததும் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எறங்கு," என்றாள்.

பெரிய திரையில் தைலம் முடிந்தது. சுகுணாவின் முகம் வந்தது. இரண்டு கண்ணிலும் நீர். அறுபதாயிரம் பேரும் சுகுணாவைப் பார்த்தார்கள். நடுவர்களும் பார்த்தார்கள்.

வடிவரசியைச் சண்முகக்கனி மட்டும் பார்த்தாள்.

கை கீழே வெட்டியது. இரண்டு காலும் கடைசி நொடியில் மேலே ஏறி முன்னால் நீண்டன. யாரும் சொல்லிக்கொடுக்காத மாதிரி, தானாக. குதிகால் மணலைக் கிழித்தது. மணல் எழும்பியது. இடுப்பு குதிகால் தடத்துக்கே சரிந்து வந்து, பின்னால் விழாமல், பக்கவாட்டில் வழுக்கிப் போயிற்று. மணல் சண்முகக்கனியின் தலையில், சேலையில், பாதத்தில் பொழிந்தது. அவள் கண்ணை மூடவே இல்லை.

அளந்தார்கள். பதினாலு மீட்டர் நாற்பத்தேழு. வாழ்நாளில் அவள் தாண்டியதில் இதுதான் அதிகம். மூன்றாம் இடம் பதினாலு மீட்டர் நாற்பத்தெட்டு.

வடிவரசி மணலில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?"

"முழுசாப் பாத்தேன்."

"எப்படி?"

"அடேயப்பா," என்றாள் சண்முகக்கனி. வேறு சொல் வரவில்லை. தேடவும் இல்லை.

கேபிளைப் பிடித்துத் திரும்பி வந்தபோது அடுக்களை பழைய அளவுக்குக் குறுகிவிட்டிருந்தது. தொட்டியில் காப்பி டம்ளர் கிடந்தது. பட்டாசாலையில் குடிசையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாலாம் இடத்துக்குக் குடிசை கிடையாது. டிவியில் வர்ணனையாளர்கள், "ஏமாற்றம்தான்," "ஏமாற்றம்தான்," என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரிலிருந்து மாலையை எடுத்தாயிற்று. தங்கப்பழத்திடம் உள்ளே வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் பேப்பரை விட்ட இடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"தரையெல்லாம் மணலா இருக்கேம்மா," என்றான் கௌசிக்.

"ஆமா."

சுகுணா முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "அக்கா, நீங்க பாத்துட்டு வந்தீங்களா? எப்படித் தாண்டுச்சு உங்க பொண்ணு?"

சண்முகக்கனி வாயைத் திறந்தாள். இதை வாயால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

வாசல் படியை ஒட்டி ஒரு கோடு போட்டாள். "இது பலகை." பாதம் பாதமாக அளந்து போனாள். இருபத்திரண்டு பாதத்தில், பக்கத்து வீட்டுக் குழாயடியில், ஒரு கோடு. "இங்க இதே கால்ல எறங்குனா." பதினேழு பாதமும் நாலு விரலும். அடுத்த வீட்டு ஸ்கூட்டர் தாண்டி ஒரு கோடு. "இங்க மறுகால்." அதற்கப்புறம் இருபத்தொரு பாதம். எலெக்ட்ரிக் கம்பத்தடியில் கடைசிக் கோடு. "இங்க மணல்."

தெருவில் குடியிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். வாசல் படியைப் பார்த்தார்கள். கம்பத்தைப் பார்த்தார்கள்.

"மூணே எட்டுலயா?" என்றார் தங்கப்பழம். அவர் நடந்து பார்த்தார். அவருக்கு இருபத்தொரு எட்டு ஆயிற்று. கம்பத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தார். "நம்ம பிள்ளையா?" என்றார். முப்பது வருஷ டிரைவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

சுகுணா பலகைக் கோட்டில் நின்றாள். அழவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இடுப்பில் சேலையைச் செருகி, ஓர் எட்டு தாவிப் பார்த்தாள். குழாயடிக்குக் கால்வாசி தூரம்கூடப் போகவில்லை. பலமாகச் சிரித்தாள்.

"இதை எடுக்கலாம்," என்றான் கௌசிக். "எட்வின், கேமராவ எடுங்க. அந்தப் படியிலேருந்து இந்தக் கம்பம் வரைக்கும். ஒரே ஃபிரேம்ல."

எட்வின் கேமராவைத் தோளில் ஏற்றினான். கண்ணை வைத்துப் பார்த்தான். "அடங்கல சார்."

"பின்னால போங்க."

எட்வின் பின்னால் போனான். தெரு முனைக்குப் போனான். அடங்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டிப் போனான். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனான். கரிசல் காட்டு நடுவில் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தான். கௌசிக்குக்குப் போன் வந்தது. "இன்னும் அடங்கல சார். படி வருது, கம்பம் வெளிய போயிருது."

கௌசிக் கம்பத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தான். சண்முகக்கனி அதை வாங்கினாள். அவள் சேலையிலிருந்து கொஞ்சம் மணல் உதிர்ந்தது.

"இன்னும் பின்னால போங்க தம்பி," என்றாள். "கீழ பாத்துப் போங்க."